சித்திர மாளிகையும் செங்கல் மாளிகையும்

கட்டி முடித்த வீட்டைச் சுற்றிப் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, கிணற்று நீரைக் குடித்துப் பார்த்து, அதன் பின்னர் விலை பேசுவது நம் முன்னோர் வழக்கம். இன்று பெருநகரங்களில் வீடு வாங்குவோர் பலர் முதலில் காண்பது வீட்டையன்று. வீட்டின் படத்தையே காண்கின்றனர். பெங்களூர் நகரின் கிழக்கெல்லையில் உள்ள வைட்ஃபீல்டுக்குச் சென்று வந்தோர் இதனை நன்கறிவர். அங்கே சாலையோரப் பலகைகளிலும் நாளிதழ்களின் முதற்பக்கங்களிலும், இன்னும் அடித்தளம் தோண்டப்படாத அடுக்குமாடி மாளிகைகள் மாலை வெயிலில் பொன்னிறமாக ஒளிர்கின்றன. அவற்றின் முன்னே நீலநிற நீச்சற்குளம். குளத்தைச் சுற்றிலும் வளர்ந்து முற்றிய மரங்கள். மரநிழலில் சிரித்து விளையாடும் குழந்தைகள். தொழில் நாடித் தமிழகத்தினின்றும் வந்து பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர், தம் வாழ்நாள் உழைப்பின் பயனையும் இருபது ஆண்டுக் கடனையும் சேர்த்து வைத்து வாங்கும் பொருளுக்கு முதற்சான்றாக அமைவது இத்தகைய படம் ஒன்றுதான். இப்படங்களுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தவர் படத்தைக் காணும் முறையும் வேறுபடும். ஆதலின் அதனைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் பெயரைத் தெளிவு செய்து கொள்வோம். தொழிலில் ஈடுபட்டோர் இப்படத்தை ‘எலிவேஷன்’ என்றும், ‘ரெண்டர்’ என்றும், ‘த்ரீ டி’ என்றும் பலவாறாகக் கூறுவர். இவை ஒரே பொருளன அல்ல. உரோமானியக் கட்டடக் கலைஞரான விட்ருவியஸ், இற்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, கட்டடத்தைத் தாளில் காட்டும் முறைகள் மூன்று என வகுத்தார். தரையின் மீது சுவர்கள் அமையும் வகையைக் காட்டுவது தரைப்படம். நேர் எதிரே நின்று முகப்பின் அளவுகளைக் காட்டுவது முகப்புப்படம். கண்ணுக்குத் தோன்றுமாறு ஆழமும் தொலைவும் புலப்பட வரைவது தோற்றப்படம். முதல் இரண்டிலும் அளவுகோலை வைத்து அளந்து பார்க்கலாம். பத்தடி என்றால் பத்தடிதான். மூன்றாவதில் அளவுகோல் செல்லாது. அருகில் உள்ளது பெரிதாகவும், தொலைவில் உள்ளது சிறிதாகவும் தோன்றும். எது அருகில், எது தொலைவில் என்பதை முடிவு செய்பவர் படம் வரைபவர். விற்பனை விளம்பரங்களில் நாம் காண்பது பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையே. இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டால், பின்னர் வரும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

வைட்ஃபீல்டு நம்மவர்க்குப் புதிய ஊரன்று. அதனை ஒட்டியுள்ள கடுகோடியில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. இராசேந்திர சோழன் ஆட்சிக்காலத்தில், கி.பி. 1043இல் பொறிக்கப்பட்டது அது. பட்டந்தூர் ஏரியும் அதன் மதகும் அமைக்கப்பட்டதையும், தெய்வங்களுக்குக் கோயில் எடுக்கப்பட்டதையும் அக்கல் கூறுகின்றது. ஈண்டு ஒரு நுட்பத்தைக் காண வேண்டும். ஏரியை வெட்டி முடித்த பின்னரே கல்லில் எழுத்தை வெட்டினர். செய்த செயலுக்குச் சான்றாக எழுத்து நின்றது. இன்றைய விளம்பரப் படமோ செய்யப் போகும் செயலுக்கு முன்னறிவிப்பாக நிற்கின்றது. முடிந்ததைச் சொல்லும் கல்லும், முடியாததைச் சொல்லும் சித்திரமும் ஒரே ஊரில், சில கல் தொலைவிற்குள் அமைந்திருப்பது எண்ணத் தக்கது.

இப்போதைய வைட்ஃபீல்டு தோன்றிய கதையும் நம் பொருளுக்குப் பொருத்தமானதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கிலோ இந்தியச் சமூகத்தார் நிலம் பெற்று உழுது பயிரிட்டுத் தம் காலில் நிற்க வேண்டும் என்னும் எண்ணத்துடன் டி. எஸ். ஒயிட் என்பவர் முயன்றார். மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் 1882இல் 3,900 ஏக்கர் நிலத்தை அச்சமூகத்தின் சங்கத்திற்கு அளித்தார். ஒயிட்டின் பெயரையே ஊர் பெற்றது. நடுவே திறந்த வெளி; அதனைச் சூழ்ந்து வட்ட வடிவில் தெருக்கள்; தெருவை ஒட்டி மனைகள் என்று ஒழுங்குபட வகுக்கப்பட்ட ஊர் அது. உள்வட்டம், வெளிவட்டம் என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயர்களால் அத்தெருக்கள் இன்றும் அழைக்கப்படுகின்றன. தாளில் வட்டம் அழகாகவே இருந்தது. ஆயினும் எதிர்பார்த்த அளவுக்குக் குடியேற வந்தவர் இலர். ஓய்வு பெற்றோர் அமைதியாக வாழும் சிற்றூராகவே அது ஒரு நூற்றாண்டுக் காலம் நின்றது. ஊரை வரைவது எளிது; ஊரில் வாழ்க்கையை உண்டாக்குவது அரிது என்பதற்கு வைட்ஃபீல்டின் பிறப்பே சான்றாகும்.

இனி, தோற்றப்படக் கலை வளர்ந்த வகையைக் காண்போம். இணைகோடுகள் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதாகத் தோன்றும் இயல்பைக் கணித முறையில் வரைந்து காட்டியவர் இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரத்துக் கலைஞர் புரூனெல்லெஸ்கி. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் செய்து காட்டியதை, ஆல்பெர்ட்டி என்னும் அறிஞர் 1435இல் நூலாக எழுதி வைத்தார். அதன் பின்னரே, இல்லாத கட்டடத்தை இருப்பது போலக் காட்டும் ஆற்றல் ஓவியர்க்குக் கைகூடியது.

இவ்வாற்றலைத் தொழிலுக்குப் பயன்படுத்தியவர்களுள் ஹம்ஃப்ரி ரெப்டன் குறிப்பிடத் தக்கவர். 1788இல் தோட்டக் கலைத் தொழிலில் இறங்கிய இவ்வாங்கிலேயர், தம்மிடம் வரும் செல்வர் ஒவ்வொருவர்க்கும் சிவப்பு அட்டையிட்ட கையெழுத்துப் புத்தகம் ஒன்றைச் செய்து தருவார். அதில் ஒரு நீர்வண்ண ஓவியம் இருக்கும். ஓவியத்தின் மேல் ஒரு மடிப்புத்தாள் ஒட்டியிருக்கும். மடிப்பு மூடியிருந்தால் இப்போதுள்ள மேட்டு நிலமும் வேலியும் தெரியும். மடிப்பைத் தூக்கினால் அவர் அமைக்க எண்ணிய ஏரியும் சோலையும் தெரியும். ‘முன்னர், பின்னர்’ என்று இரண்டு படங்களை அருகருகே வைத்து ஆசையைத் தூண்டும் இன்றைய விளம்பர உத்தியின் தாய் இம்மடிப்புத்தாளே எனலாம். ஆயினும் ரெப்டனிடம் ஒரு நேர்மை இருந்தது. உள்ள நிலையையும் அவர் வரைந்து காட்டினார். இன்றைய பலகைகளில் அம்மடிப்பின் ஒரு பக்கம் மட்டுமே காணப்படுகின்றது.

இங்கிலாந்தின் மற்றொரு கலைஞர் ஜோசப் காண்டி. சர் ஜான் சோன் என்னும் கட்டடக் கலைஞர் கட்டிய இங்கிலாந்து வங்கியின் மாளிகையை அவர் 1830இல் ஓர் ஓவியமாகத் தீட்டினார். வியப்பு என்னவெனில், அம்மாளிகையை இடிந்து சிதைந்த நிலையில், மேலிருந்து நோக்குவது போல அவர் வரைந்திருந்தார். கட்டடம் புதிதாக எப்படி இருக்கும் என்று காட்டுவோர் பலர். பழையதாகி எப்படி இருக்கும் என்று காட்டியவர் அவர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர், அவ்வங்கியின் பெரும்பகுதி உண்மையாகவே இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டது. அதனைக் கட்டியவர் ஹெர்பர்ட் பேக்கர். இந்தப் பேக்கர் நமக்கு அயலார் அல்லர். புது தில்லியின் செயலகக் கட்டடங்களைக் கட்டியவரும் இவரே.

தில்லி வாழ் தமிழன்பர்கள் தம் கண்ணாலேயே கண்டு தெளியக் கூடிய பாடம் ஒன்று அங்கே உண்டு. இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாகத் திகழும் கட்டடத்தை அமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். அதன் தோற்றப்படங்களை அவர்க்காக வில்லியம் வால்கட் என்னும் வல்லுநர் வரைந்தார். இரைசினாக் குன்றின் மேல் மாளிகை முழுமையாகத் தெரியும் என்பது லட்யன்ஸின் எண்ணம். ஆனால் செயலகக் கட்டடங்களுக்கு நடுவே ஏறிச் செல்லும் சாலை, இருபத்திரண்டு அடிக்கு ஓர் அடி என்னும் சரிவில் அமைந்தது. கீழேயுள்ள விஜய் சௌக்கினின்று நோக்குவோர்க்கு மேட்டின் விளிம்பு குறுக்கே நின்று மாளிகையின் முகப்பை மறைத்து விடுகின்றது. குவிமாடம் மட்டுமே மேலே தெரிகின்றது. சரிவை மாற்றுமாறு லட்யன்ஸ் வேண்டினார்; 1916இல் அவ்வேண்டுகோள் மறுக்கப்பட்டது. பேக்கருக்கும் அவர்க்கும் இருந்த நட்பு இதனால் முறிந்தது. பேரரசு ஒன்றின் பெருஞ்செல்வத்தையும், அக்காலத்தின் தலைசிறந்த கலைஞர்களையும் கொண்டு எழுந்த மாளிகைக்கே இந்நிலை. தாளில் நோக்கும் கண்ணை எந்த உயரத்திலும் வைக்கலாம். தரையில் நடப்பவன் கண்ணோ ஐந்தரை அடி உயரத்தில்தான் இருக்கும். வீட்டுப் படம் ஒன்றைக் கண்டவுடன், ‘இதனை நோக்கும் கண் எங்கே நிற்கின்றது?’ என்று வினவும் பழக்கத்தை இரைசினாக் குன்று நமக்குக் கற்பிக்கின்றது.

இக்கலையில் பெண்மணி ஒருவர் செய்த பணியும் மறக்கத் தகாதது. அமெரிக்காவின் மேரியன் மஹோனி, ஃபிராங்க் லாய்ட் ரைட் என்னும் புகழ் பெற்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் பணியாற்றியவர். ரைட்டின் கட்டடங்களை உலகறியச் செய்த படத்தொகுதி 1910இல் ஜெர்மனியில் வெளிவந்தது. அதிலுள்ள சிறந்த படங்கள் பலவற்றிற்கு மூலம் இவ்வம்மையாரின் கைவண்ணமே. ஆயினும் பெயர் ரைட்டினுடையது. பின்னர், தம் கணவர் வால்ட்டர் பர்லி கிரிஃபின் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்கு வகுத்த திட்டத்திற்கும் இவரே படம் தீட்டினார். 1912இல் அத்திட்டம் முதற்பரிசு பெற்றது. கிரிஃபின் 1935இல் இலக்னோவுக்கு வந்தார். அம்மையார் அடுத்த ஆண்டில் வந்து சேர்ந்தார். 1937இல் கிரிஃபின் இலக்னோவிலேயே மறைந்தார். கட்டடக்காரர் பெயர் நிலைக்கும், படம் வரைந்தவர் பெயர் மறையும் என்னும் வழக்கம் அன்று தொட்டு இன்று வரை மாறவில்லை. வைட்ஃபீல்டின் பலகைகளில் கட்டுநரின் பெயர் ஆளுயரத்தில் நிற்கின்றது. கணிப்பொறியின் முன் இரவு பகலாக அமர்ந்து அம்மாளிகையை உருவாக்கிய இளைஞரின் பெயர் எங்கும் இல்லை.

நியூயார்க் நகரத்து ஹியூ ஃபெரிஸ் இத்துறையில் தனி வழி கண்டவர். கரித்துண்டால் இருளையும் ஒளியையும் தீட்டி, வானளாவிய கோபுரங்களை அவர் வரைந்தார். ‘நாளைய மாநகர்’ என்னும் பொருள்படும் பெயருடன் அவருடைய நூல் 1929இல் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. படத்தில் நின்ற கோபுரங்களுள் பல படத்திலேயே நின்று விட்டன. வரைவதற்குக் கரித்துண்டு போதும். கட்டுவதற்குப் பணம் வேண்டும். வாங்குவோர் மறக்கக் கூடாத உண்மை இது.

கணிப்பொறி வந்த பின்னர் நிலைமை வேறாயிற்று. 1963இல் ஐவன் சதர்லாண்டு என்பவர் திரையின் மேல் ஒளிப்பேனாவால் கோடு வரையும் முறையைக் கண்டார். வளைந்த பரப்பின் மேல் ஒளி படிப்படியாக மங்குவதைக் கணக்கிடும் வழியை 1971இல் கூரோவும், பளபளப்பைக் கணக்கிடும் வழியை அதன்பின் ஃபோங்கும் வகுத்தனர். ஓர் ஒளிக்கதிர் எங்கெங்கே பட்டுத் தெறிக்கின்றது என்று பின்தொடரும் முறையை 1980இல் விட்டெட் வெளியிட்டார். ஒரு சுவரில் பட்ட ஒளி மறு சுவரை எவ்வாறு வெளுக்கச் செய்கின்றது என்பதை 1984இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டனர். இவை அனைத்தையும் ஒரே சமன்பாட்டில் அடக்கியவர் கஜியா, ஆண்டு 1986. இவர்கள் ஆராய்ந்தது ஒளியின் இயல்பை; வீட்டு விற்பனையை அன்று. ஆனால் அவ்வாராய்ச்சியின் பயனாக, ஓவியம் என்று கண்டவுடன் தெரிந்து கொள்ளத் தக்கதாயிருந்த படம், புகைப்படம் என்றே மயங்கத் தக்கதாக மாறிவிட்டது. நீர்வண்ண ஓவியத்தைக் கண்டவன் ‘இது ஒருவர் கற்பனை’ என்று உணர்வான். கணிப்பொறிப் படத்தைக் கண்டவன் ‘இது இருக்கின்றது’ என்று நம்புவான். நூற்றாண்டுகளாக வளர்ந்த இக்கலையில் நேர்ந்த பெரிய மாற்றம் இதுவேயாகும்.

இம்மாற்றம் முற்றிய காலமும் வைட்ஃபீல்டு வளர்ந்த காலமும் ஒன்றாக அமைந்தன. 1994இல் கர்நாடக அரசும், டாட்டா நிறுவனமும், சிங்கப்பூர் நிறுவனங்களும் சேர்ந்து அங்கே தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைக்க முனைந்தன. தொழில் வந்தது, தொழிலைத் தொடர்ந்து மக்கள் வந்தனர். 1864இலேயே ஜோலார்ப்பேட்டையினின்றும் பெங்களூருக்குப் போடப்பட்ட இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்வதால், தமிழர்க்கு வழி எளிதாயிற்று. வட்டத் தெருக்களின் ஓட்டு வீடுகளைச் சூழ்ந்து அடுக்குமாடிகள் எழுந்தன. 2023 மார்ச்சில் மெட்ரோ இரயிலும் வந்து சேர்ந்தது.

இன்று ஒரு படம் உருவாகும் வகை இது. கட்டடக் கலைஞரின் தரைப்படங்களைக் கொண்டு கணிப்பொறியில் முதலில் வெறும் சாம்பல் நிறக் கூடு ஒன்றை எழுப்புவர். அதன் மேல் கண்ணாடி, கல், மரம் ஆகியவற்றின் தோல்களைப் போர்த்துவர். பின்னர்ச் சூரியனை வைப்பர். நண்பகல் சூரியன் விற்பனைக்கு உதவாது; ஆதலின் அந்திப் பொழுதைத் தேர்ந்து, எல்லாச் சன்னல்களிலும் விளக்கேற்றுவர். அகன்ற பார்வையுடைய வில்லையைத் தேர்ந்து, முப்பதடி முற்றத்தை மைதானமாகக் காட்டுவர். இறுதியாக மரங்களையும் மனிதர்களையும் கொண்டு வந்து நடுவர். இருபது ஆண்டுகளில் வளரக் கூடிய மரம் ஒரு நொடியில் நிழல் தரும். அடுத்த மனையில் எழும் கட்டடம் மறைந்து, அவ்விடத்தில் வானம் தோன்றும். மின்கம்பியும், மின்மாற்றிப் பெட்டியும், தண்ணீர் லாரியும் படத்தினுள் நுழைவதில்லை. இவற்றுள் எதுவும் தனியே பொய் என்று சொல்லத் தக்கதன்று. அந்தி உண்டு, மரம் உண்டு, வானமும் உண்டு. அவை யாவும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கூடுவதுதான் இல்லை.

ஏரி தெரியும் வீடு என்பது வைட்ஃபீல்டு விளம்பரங்களில் அடிக்கடி காணும் சொல். படத்தில் நீர் நீலமாகவே இருக்கும். 2015இல் வர்த்தூர் ஏரியினின்று வெண்ணுரை பொங்கிச் சாலையில் பறந்ததை நாட்டினர் செய்தித்தாள்களில் கண்டனர். 2022 செப்டம்பரில் பெய்த பெருமழையில் மகாதேவபுரம் பகுதியின் குடியிருப்புகள் பலவற்றில் வெள்ளம் புகுந்தது. மக்கள் படகுகளிலும் டிராக்டர்களிலும் வெளியேறினர். 2024 கோடையிலோ குடிநீருக்குத் தட்டுப்பாடு. நீர் மிகுந்தும் துன்பம், குறைந்தும் துன்பம். கடுகோடிக் கல்லில் ஏரியையும் மதகையும் சேர்த்தே எழுதினர் பழையோர். நீர் எங்கே நிற்கும் என்பதோடு, எவ்வழியே வெளியேறும் என்பதையும் அவர்கள் எண்ணினர். எந்தத் தோற்றப்படமும் நீர் வெளியேறும் வழியைக் காட்டுவதில்லை. அதனைத் தரைப்படத்திலும் கால்வாய் வரைபடத்திலும்தான் தேட வேண்டும்.

விளம்பரத் தாளின் அடியில், எறும்பு ஊர்ந்தாற் போன்ற எழுத்தில் ஒரு தொடர் காணப்படும்: ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் இம்ப்ரெஷன்’. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தொடரைக் கடந்து செல்ல மனம் வருவதில்லை. ‘கலைஞரின் மனப்பதிவு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் விளங்காது. கண்ட பொருள் மனத்தில் பதிவதே பதிவு. இன்னும் இல்லாத பொருள் எவ்வாறு பதியும்? ‘கற்பனைத் தோற்றம்’ என்பதே நேரிய தமிழ். அச்சொல்லைப் பெரிய எழுத்தில், தமிழிலோ கன்னடத்திலோ அச்சிட்டால் வாங்குவோர் சற்று நின்று எண்ணுவர்.

சிற்றெழுத்து எதுவாயினும், சட்டம் தன் கடமையைச் செய்துள்ளது. 2016ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், ‘ரெரா’ என்று மக்களால் வழங்கப்படுவது, 2017 மே முதல் நாளில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 500 சதுர மீட்டர் நிலத்திற்கோ எட்டு வீடுகளுக்கோ மேற்பட்ட திட்டங்களைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது என்பது அதன் மூன்றாம் பிரிவு. பதிவெண்ணும், ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியும் விளம்பரத்தில் தெளிவாக இருக்க வேண்டும் என்பது பதினோராம் பிரிவு. பன்னிரண்டாம் பிரிவு நம் பொருளுக்கு நேரே உரியது. விளம்பரத்திலோ, விவரப் புத்தகத்திலோ, மாதிரி வீட்டிலோ கண்டதை நம்பி முன்பணம் கொடுத்தவர், அது பொய்யாகவோ தவறாகவோ இருந்தமையால் இழப்புற்றால், விற்றவர் ஈடு செய்ய வேண்டும். வாங்கியவர் விலக விரும்பினால் கொடுத்த பணம் முழுவதையும் வட்டியுடன் திருப்பித் தர வேண்டும். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவதற்கு முன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கலாகாது என்பது பதின்மூன்றாம் பிரிவு. ஒப்புதல் பெற்ற வரைபடங்களைக் கேட்டுப் பெறும் உரிமையை வாங்குவோர்க்குப் பத்தொன்பதாம் பிரிவு அளிக்கின்றது.

எனவே, படத்தை வெறுக்க வேண்டியதில்லை. படத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதே நாம் கூற விழைவது. விளம்பரத் தாளையும் விவரப் புத்தகத்தையும் தூக்கி எறியாது தேதியிட்டுப் பாதுகாத்து வைத்தல் வேண்டும். நாளை வழக்கு நேர்ந்தால் அவையே சான்று. பதிவெண்ணைக் கொண்டு ஆணையத்தின் இணையதளத்தில் ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் காணுதல் வேண்டும். படத்திலுள்ள குளமும் தோட்டமும் அவ்வரைபடத்தில் உள்ளனவா என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தல் வேண்டும். வீட்டின் நிகரப் பரப்பை, ‘கார்ப்பெட் ஏரியா’ என்னும் சட்டச் சொல்லால் எழுத்தில் கேட்டல் வேண்டும். அடுத்த மனை யாருடையது என்று வினவுதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, கனமழை பெய்த மறுநாள் நேரிற்சென்று அந்நிலத்தின் மேல் நின்று பார்த்தல் வேண்டும்.

பிறந்த ஊரை விட்டு வந்தோர்க்கு வீடு என்பது வெறும் முதலீடு அன்று. வந்த ஊரில் வேர் ஊன்றுவதற்கு அவர்கள் நடும் முதற்கன்று அது. அக்கன்றை நடும் இடம் தாளாக இருத்தல் கூடாது. மண்ணாக இருத்தல் வேண்டும். சித்திரம் ஆசையைப் பிறப்பிக்கட்டும். முடிவைத் தரைப்படமும், ஒப்பந்தமும், மழை நாளில் நனைந்த நம் காலடியும் சொல்லட்டும்.